லைன் பிளாக் சித்தப்பா

வைகை எக்ஸ்பிரஸும் பல்லவன் எக்ஸ்பிரஸும் ஒலக்கூர் ஸ்டேஷனில் நிற்பதில்லை. புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். பாசஞ்சருக்குக் காத்திருப்பவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து, யாரும் கேட்காமலே, "நாலு நிமிஷம் லேட்டு. செங்கல்பட்டுக்குள்ள சரிபண்ணிடுவான்" என்று ஒருவர் வாட்ச்சைப் பார்த்துச் சொன்னால், அவர்தான் லைன் பிளாக் சித்தப்பா. தொழுப்பேட்டிலும் ஒருவர் உண்டு, மயிலத்திலும் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட சீசன் டிக்கெட் இருக்கும்.

வண்டிகள் ஒழுங்காக ஓடும் நாட்களில் அவருக்கு மரியாதை கிடையாது. வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. வண்டி எங்கே வருகிறது என்பதைப் பையன்கள் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள்.

"பாஞ்சாலம் தாண்டிடுச்சின்னு காட்டுது சித்தப்பா."

"போனு காட்டும்டா. சிக்னல் போடணுமில்ல?"

சொல்லிவிட்டு பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய், நெற்றியில் கையை வைத்துத் திண்டிவனம் பக்கம் பார்ப்பார். வண்டி வந்துவிட்டால், அவர் பார்த்ததால் வந்தது.

அவருடைய பொற்காலம் 2024. தாம்பரம் யார்டு சீரமைப்புக்காகப் பாதையை அடைத்த லைன் பிளாக் ஜூலை 23-ஆம் தேதி தொடங்கி, ஆகஸ்ட் 14-இல் முடியும் என்று சொல்லி, 18 வரை இழுத்தது. பகலில் சில மணி நேரம் மின்சார ரயில் கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரைதான். இந்தப் பக்கம் செங்கல்பட்டிலிருந்து கூடுவாஞ்சேரி வரைதான். நடுவில் பஸ். பஸ்ஸில் இடமில்லாவிட்டால் கால் இருக்கிறது. அறிவிப்பெல்லாம் முறையாகத்தான் வந்தது. என்ன, அதை எழுதியவர்களுக்குச் செங்கல்பட்டோடு உலகம் முடிந்துவிடுகிறது. சென்னைக்காரர்களுக்கு மெட்ரோவில் கூடுதல் வண்டி விட்டார்கள், கூடுதலாக மாநகர பஸ் விட்டார்கள். ஒலக்கூர்க்காரர்களுக்குச் சித்தப்பா.

பாசஞ்சரில், இன்டர்வியூவுக்குப் போகிற பெண் ஒருத்தி, பைலை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்கிறாள்: "பதினோரு மணிக்குக் கிண்டில இருக்கணும் சித்தப்பா, முடியுமா?"

சித்தப்பா காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறார். "கேளு கண்ணு. செங்கல்பட்டுல வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே கதவாண்ட வந்துடு. படிக்கட்டுல ஏறும்போது யாரு மூஞ்சியையும் பாக்காத. பாத்தா வழிவிடத் தோணும். கூடுவாஞ்சேரில எறங்கினா எல்லாம் அங்கியே பஸ்ஸுக்கு நிப்பாங்க. நீ நிக்காத. பின்னால ஒரு ஸ்டாப்பு நட. அங்க ஏறினா உனக்கு சீட்டு."

"அந்த ஸ்டாப்புல பஸ்ஸ நிறுத்துவாங்களா சித்தப்பா?"

சித்தப்பா ஜன்னல் வழியாகப் படாளத்தைப் பார்க்கிறார். "அத டிரைவர்தான் சொல்லணும்."

செங்கல்பட்டில் ஒரு வண்டிக் கூட்டம் இறங்க, இன்னொரு வண்டிக் கூட்டம் ஏற, நடுவில் மாட்டிய பூக்கூடை யார் தலையில் இருக்கிறது என்றே தெரியாது. சித்தப்பா வாசல் அருகே நின்று இரண்டு கையையும் விரித்து, "எறங்கறவங்கள விடுங்கய்யா!" என்று ஆணையிடுவார். இறங்குகிறவர்களுக்கு அவர்தான் பெரிய தடை. அதற்குள் ஒலிபெருக்கி, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துக் கரகரத்து அடங்கும். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பும். "இன்னா சொன்னான் சித்தப்பா?" "நம்ம வண்டிய இல்ல." அவர் காதிலும் ஒன்றும் விழுந்திருக்காது. ஆனாலும் கேட்டவருக்கு உடனே ஒரு பதில் கிடைத்துவிட்டதே! பாதி நாள் அது சரியாகவும் இருந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்ததில், ஏற வேண்டிய லோக்கலை அவர் விட்டுவிடுவார். ஆபீஸில் பர்மிஷன் தீர்ந்து, அரை நாள் லீவு கழிந்தது. "லைன் பிளாக் சார்" என்ற காரணத்தை ஆகஸ்ட் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். மேலதிகாரி பேப்பர் படிப்பவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, தென்மாவட்ட வண்டிகள் பல ரத்தாயின; சில காட்பாடி வழியாகச் சுற்றிப்போயின. பாலம் எண் 452 என்று செய்தியில் வந்தது. அன்றுமுதல் சித்தப்பா அந்தப் பாலத்தைப் பெண் கொடுத்த வீட்டைப்போல் விசாரிக்கிறார். "நம்ம நானூத்தி அம்பத்திரண்டுல இப்ப தண்ணி எப்பிடி?" அதை நேரில் பார்த்திருக்கிறாரா என்று கேட்கக்கூடாது.

பிறகு கொஞ்ச காலம் வண்டிகள் பாட்டுக்கு ஓடின. சித்தப்பா இளைத்துப்போனார். 2025-இல் தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு ஒப்புதல் கிடைத்ததும்தான் முகத்தில் களை வந்தது. "இனிமே கூட்டம் கொறையும் சித்தப்பா, நெறைய வண்டி வுடுவான்" என்றார்கள் பையன்கள்.

சித்தப்பா பேப்பரை நாலாக மடித்துச் சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால் செருகினார். "வண்டி அப்புறம் வரும்டா. மொதல்ல பிளாக் வரும்."