சிட்டோலின் கட்டைவிரல் துளை: ஒரு பெருநூலுக்குப் பாயிரம்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு வாத்தியம் இருக்கிறது. 1300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் பாக்ஸ்வுட் மரத்தில் செதுக்கியது. உடம்பெல்லாம் இலையும் கொடியும் வேட்டைக்காரரும் விலங்குகளும். செய்த தச்சருக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும். பேராசிரியர்களுக்குத் தெரிய அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இடைக்கால இங்கிலாந்தின் மீட்டு வாத்தியங்களைப் பல வழிகளில் வகைப்படுத்தலாம் என்மனார் புலவர்.

ஒலியால்: கேட்டவர் எவரும் உயிருடன் இல்லை.

வடிவால்: இங்கேதான் வம்பு. கிட்டர்ன், சிட்டோல் என்று இரண்டு பெயர்கள் அக்காலத்தில் புழங்கின. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதைகளில் சிட்டோலை வீனஸ் சிலையின் கையில் கொடுத்தார். கிட்டர்னை அப்சலோன் என்ற கோயில் குமாஸ்தாவிடம் கொடுத்து, இரவில் அடுத்தவன் மனைவியின் ஜன்னலடிக்கு அனுப்பினார். கவிஞருக்குக் குழப்பமில்லை. 1910-இல் பாதிரியார் கால்பின் பழைய ஆங்கில வாத்தியங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் வாத்தியத்தின் வடிவம் அதில் கிட்டர்ன் ஆயிற்று. 1963-இல் மியூசியம் வாங்கியதும் கிட்டர்ன் என்றுதான். 1977-இல் ஆய்வாளர் லாரன்ஸ் ரைட் ஆதாரங்களை அடுக்கி, இது சிட்டோல், முதுகு உருண்ட குட்டி வாத்தியமே கிட்டர்ன் என்று நிறுவினார். நிறுவிய இடம் கால்பின் சங்கத்தின் ஆய்விதழ். ஒருவர் பெயரில் சங்கம் வைத்து, அந்தச் சங்கத்தின் செலவிலேயே அவரைத் திருத்துவதைத்தான் அறிஞர் உலகம் அஞ்சலி என்கிறது.

துளையால்: இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

இந்த வாத்தியத்தின் கழுத்து ஒரு கட்டை. ஏறக்குறைய உடம்பளவு ஆழம். கைக்குள் அடங்காத அந்தக் கட்டையில் இடது கட்டைவிரலை நுழைக்க ஒரு துளை குடைந்திருக்கிறார்கள். விரல் உள்ளே போனபின் கை மேலும் கீழும் நகராது. எனவே வாசித்தவர் இருந்த இடத்திலேயே திருப்தியடையும் குணமுள்ளவர் (ஆதாரம்: இக்கட்டுரை, இதே வாக்கியம்). கச்சேரி நடுவே அவரால் எழுந்து ஓடவும் முடியாது. ரசிகர்கள் அழுகிய முட்டை எறிந்தாலும் தடுக்க ஒரு கைதான் மிச்சம் (மேற்படி, முந்தைய வாக்கியத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும்). விரல் பருத்தவர்கள் பாட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு (காண்க: பின்னிணைப்பு 9, அதற்கு மறுப்பு, பின்னிணைப்பு 10, பத்தை எழுதியவரும் இவரே என்பதால் விவாதம் கண்ணியமாக நடந்தது, இரண்டும் இன்னும் எழுதப்படவில்லை). துளை முதலா, கழுத்து முதலா என்ற வினாவுக்கு நிதி கோரி விண்ணப்பம் போயிருக்கிறது.

பிற்காலத்தில் யாரோ இதை வயலினாக மாற்றிவிட்டார்கள். பிருடைகளை மூடும் வெள்ளித் தகட்டில் முதலாம் எலிசபெத் ராணியின் சின்னமும் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் சின்னமும் இருக்கின்றன. ராணி-பிரபு உறவு பற்றி வேறு பல நூல்கள் உள்ளன. துளைக்குச் சம்பந்தமில்லாததால் இங்கே தவிர்க்கப்படுகிறது.

ஆக இன்று பெயர் சிட்டோல், மேல்பலகை வயலின். மீட்ட வந்தவர் வில்லைத் தேட வேண்டும். இதை எந்த வகையில் சேர்ப்பது என்பதை இரண்டாம் தொகுதி ஆராயும். முதல் தொகுதி முழுக்கத் துளைக்கே போய்விட்டது.