திட்டு வாங்கும் கேமராக்கள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டிக்கு ஒரு குருநாதர் உண்டு. சென்னையில் விடிவதற்கு முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற கோஷ்டிகள் எல்லாவற்றிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கையில்லாத கோட்டு, பாக்கெட்டுக்கு ஒரு ஃபில்டர், முதுகில் எல்கேஜி பிள்ளை கனத்தில் ஒரு பை. மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ட்ரைபாடை ஊன்றிவிட்டு, கிழக்கே ஒருமுறை பார்த்து, "லைட் சரியில்லை" என்பார். சூரியன் இதுவரை அவருக்குத் திருப்தியாக ஒருநாளும் உதித்ததில்லை.

ஒரு ஞாயிறன்று என் அக்கா மகளும் எங்களோடு வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். ஸ்கூட்டர் சாவிக்கொத்தில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஒரு குட்டிப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் சித்தப்பா வாங்கி வந்தது. குருநாதர் அதை ரப்பர் என்று நினைத்துவிட்டார்.

"கேமரா அங்கிள்."

"எது?"

"இதுதான்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடகுக் கடைக்காரர் மூக்குத்தியைப் பார்ப்பது மாதிரி இரண்டு விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை மெகாபிக்ஸல்?"

"1.6."

"பதினாறா? பரவாயில்லையே."

"இல்ல அங்கிள். ஒண்ணு புள்ளி ஆறு."

அப்போது அவர் முகத்தில் வந்த துக்கத்தை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு லைட்கூட நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெட்டியின் பெயர் கோடக் சார்மேரா. கோடக் பெயரை உரிமம் வாங்கி, ஹாங்காங்கின் ரெட்டோ நிறுவனம் 2025 செப்டம்பரில் விற்பனைக்கு விட்டது. எடை 30 கிராம். அப்போது அமெரிக்காவில் விலை 30 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. 1987-ல் வந்த கோடக் ஃபிளிங் என்ற, எடுத்து முடித்துத் தூக்கிப்போடுகிற கேமராவின் ஜாடை. மொத்தம் ஏழு தினுசு, அதில் ஒன்று ரகசியம். நமக்கு எது வாய்க்கும் என்பது பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும். "என்ன கேமரா வாங்குறோம்னு வாங்குறவனுக்கே தெரியாதா?" என்று குருநாதர் கேட்டார். ஒரு லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் அதன் துல்லிய வரைபடம் பார்க்கிற மனிதர். அந்தக் கேள்வியில் இருந்த வலி நிஜம். வந்த வேகத்தில் அந்தக் கேமரா விற்றுத் தீர்ந்ததும் நிஜம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குருநாதர் அடுக்கிய குற்றங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. படம் மங்கல், ஓரம் இன்னும் மங்கல், இருட்டில் எடுத்தால் மணல் அள்ளிக் கொட்டியது போலப் புள்ளி. எல்லாம் சத்தியம். நூறு வருஷத்துக்கு மேலாக விவரம் தெரிந்தவர்கள் எளிய கேமராக்களைப் பற்றிச் சொல்லிவரும் குறைகள் அநேகமாக எல்லாமே சரிதான். கடையில் மட்டும் அவை செல்லுபடியாவதில்லை.

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் முதல் கோடக்கைக் கொண்டுவந்தார். விலை 25 டாலர், உள்ளே 100 படத்துக்கு ஃபிலிம். பட்டனை அமுக்குவதோடு உங்கள் வேலை தீர்ந்தது. 100 படமும் முடிந்தால் கேமராவையே கட்டி ராச்செஸ்டரில் இருந்த அவர் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குக் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை இருட்டறையில் ரசாயனத்தோடு மல்லுக்கட்டி விரலெல்லாம் கறுத்துப்போனவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஃபோட்டோவைக் கலை என்று அமெரிக்காவை ஒப்புக்கொள்ள வைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். அவர் 1897-ல் கைக்கேமராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பட்டன் அமுக்குகிற கூட்டத்தைக் கண்டித்துவிட்டு, இந்த ஃபோட்டோ மோகம் ஏறக்குறைய முடிந்துபோனது, சைக்கிள் மோகம் வந்து அதை ஒழித்துவிட்டது என்று ஆறுதலும் பட்டுக்கொண்டார். ஜனங்கள் சைக்கிள் ஏறிப் போய்விட்டார்கள், இனி ஊர் அமைதியாக இருக்கும் என்ற நிம்மதி. பாவம், சைக்கிளில் மாட்டிக்கொள்ளத் தோதான கோடக்குகளை ஈஸ்ட்மன் ஏற்கெனவே விளம்பரம் செய்துகொண்டிருந்தார்.

ஸ்டீக்லிட்ஸுக்குக் கைக்கேமரா மேல் விரோதம் கிடையாது. 1893-ல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், பனிப்புயலில், அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்று எடுத்த படம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆக, கைக்கேமரா குற்றமில்லை. மூன்று மணி நேரம் நிற்காமல் எடுப்பதுதான் குற்றம். விமர்சனத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்வலர்களுக்குப் படம் மோசமாக வருவதில் இவ்வளவு கோபம் இல்லை. கஷ்டப்படாமல் வருகிறதே என்பதில்தான் கோபம்.

1900 பிப்ரவரியில் பிரவுனி வந்தது. அட்டைப் பெட்டி, மேலே தோல் மாதிரி ஓர் உறை. 1 டாலர். ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். எட்டிப் பார்த்துக் குறிவைக்கக் கண்ணாடிகூட இல்லை. பெட்டியின் தலையில் கோடு கிழித்திருக்கும், அதன் வழியே உத்தேசமாகப் பார்த்து அமுக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குறிவைத்து விற்றார்கள். முதல் வருஷமே 1 லட்சத்துக்கு மேல் போனது.

அப்படி ஒரு பிரவுனியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 1916-ல் யோசெமிட்டிக்குச் சுற்றுலா வந்தான் 14 வயதுப் பையன் ஒருவன். மலையை எடுக்க ஒரு பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை மேல் ஏறினான். கட்டை இற்றுவிழ, இவனும் தலைகீழாக விழ, விழுகிற வேகத்தில் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. படமும் தலைகீழாகவே வந்தது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பேர்போன ஆன்ஸல் ஆடம்ஸ். எங்கள் குருநாதர் வீட்டுக் கூடத்தில் சுவாமி படத்துக்கு அடுத்தபடி மாட்டியிருப்பது அவர் எடுத்த யோசெமிட்டி படத்தைத்தான். பிரவுனிக் கதையை நான் ஒருமுறை எடுத்தேன். "அதெல்லாம் சின்ன வயசுல" என்று முடித்துவிட்டார்.

நம் ஊருக்கும் இந்தப் பரம்பரை வந்து சேர்ந்தது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 என்ற கறுப்புப் பெட்டியைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். ஒரு ரோலுக்குச் சதுரம் சதுரமாக 12 படம். வெயிலா, மேகமா என்பதைத் தவிர அது நம்மிடம் பெரிதாக எதையும் விசாரிக்காது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதனால் எங்கள் ஆல்பத்தில் நாங்கள் எல்லோரும் வெயிலை நேருக்கு நேர் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வட்டிக்காரனைக் கண்டவர்கள் போல நிற்போம். காலடியில் ஒரு நீள நிழல், முழங்கை இரண்டும் மடங்கியபடி. அதுதான் அப்பா. எண்பதுகளில் ஹாட் ஷாட் என்ற கேமரா வந்தது. அப்பா நிழலுக்கு ஃபிளாஷ் விடுதலை கொடுத்தது. பதிலுக்கு எங்கள் எல்லோருக்கும் சிவப்புக் கண் வந்தது. அப்போதும் தெருமுனை ஸ்டூடியோக்காரர் சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டே ரோலை வாங்கி உள்ளே வைத்தார்.

சரி, இன்றைக்கு ஏன்? கையில் செல்ஃபோன் இல்லாத ஆள் இல்லை. துல்லியம்தான் வேண்டும் என்றால் அதிலேயே கொட்டிக்கிடக்கிறது. 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே. நடுத்தரக் கேமரா மொத்தத்தையும் செல்ஃபோன் விழுங்கிவிட்டது. மிஞ்சியது இரண்டு முனைகள். ஒன்று குருநாதரின் பை, மற்றது அக்கா மகளின் சாவிக்கொத்து. நல்ல படம் இனாமாகக் கிடைக்கும்போது, காசு கொடுத்து வாங்குகிற பொருள் வேறு எதையாவது தந்தாக வேண்டும்.

அது என்ன என்பதைப் பெரிய கேமராவோடு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம். அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டு, சம்பந்தி வீட்டாரின் கஞ்சத்தனத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்த அத்தை, என் லென்ஸைக் கண்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். தலைப்பை இழுத்துச் செருகுவார். இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஆதார் அட்டைக்கு நிற்கிற மாதிரி நின்று, "ம், எடு" என்பார். எனக்கு வேண்டியது அந்த வெற்றிலை அத்தை. கிடைப்பது ஆதார் அத்தை. அதே அத்தைதான் அக்கா மகள் சாவிக்கொத்தை நீட்டியபோது, "இதுல என்னடி விழும்?" என்று வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பு விழுந்தது. மங்கலாக, சரிந்து, பாதி நெற்றி வெட்டுப்பட்டு. என் கேமரா எடுத்ததில் அத்தையின் புடவை நூலைக்கூட எண்ணலாம். எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை.

சாவிக்கொத்துக் கேமராவுக்குப் படித்துப் பாஸாக வேண்டிய புத்தகமும் கிடையாது. என் கேமராவின் செயல்முறைக் கையேடு ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும். அதில் ஒரு மெனுவை அணைப்பதற்கு இன்னொரு மெனுவைத் திறக்க வேண்டும்.

குருநாதரை மட்டம்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எடுக்கிற விடியற்காலைக் காசிமேட்டுப் படங்களை நானே கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு விளங்கியதே இல்லை. கத்தி போலத் துல்லியமாக எடுக்கிற லென்ஸுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கிறார். பிறகு, துல்லியம் ரொம்ப உறுத்துகிறது என்று அதன் முகத்தில் பனிமூட்டம் போட்டது போன்ற ஒரு ஃபில்டரை மாட்டுகிறார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய ஃபிலிம் மாதிரிப் புள்ளிகளைத் தூவுகிறார், ஓரங்களை இருட்டாக்குகிறார். கடைசியில் வருகிற படம் அப்பாவின் கறுப்புப் பெட்டி எடுத்தது போலவே இருக்கிறது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "அது குறை. இது ஸ்டைல்."

குறையே ஸ்டைலாக மாறிய கதைக்கு ஹோல்காதான் உதாரணம். 1982-ல் ஹாங்காங்கில் பிறந்த பிளாஸ்டிக் கேமரா. பொருத்து வாய் வழியாக வெளிச்சம் உள்ளே கசியும். வைத்திருப்பவர்கள் கறுப்பு டேப் ஒட்டிச் சமாளிப்பார்கள். டேவிட் பர்னெட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், அமெரிக்க அதிபர் வேட்பாளர் அல் கோரின் தேர்தல் பிரசாரத்தை அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்தார். வெள்ளை மாளிகைச் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கம் 2001-ல் அதற்குப் பரிசு கொடுத்தது. சுற்றிலும் விலையுயர்ந்த கேமராக்களோடு நின்றவர்கள் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

விமர்சகர்கள் பக்கம் நானும் சாய்கிற இடம் ஒன்று உண்டு. 2025-ல் ஃபூஜிஃபிலிம் எக்ஸ் ஹாஃப் என்று ஒரு டிஜிட்டல் கேமராவை விட்டது. செங்குத்தாகப் படம் எடுக்கும். பழைய கேமரா போல இழுத்துவிட ஒரு நெம்புகோலும் உண்டு. ஃபிலிம் பாணியை முடுக்கிவிட்டால் 36 படமோ 54 படமோ 72 படமோ எடுத்து முடிக்கும்வரை எதையும் பார்க்க விடாது. ஆர்வலர்கள் தேடும் ரா ஃபைல் கிடையாது. வந்தபோது விலை 850 டாலர். படத்தைப் பார்க்கவிடாமல் இருப்பதற்கு இவ்வளவு காசா என்று எனக்கே கேட்கத் தோன்றியது. என் அப்பாவின் கேமரா அதைச் சும்மாவே செய்தது. ஆனாலும் அந்த நெம்புகோலை ஒருமுறை இழுத்துப் பார்க்க எனக்குக் கை ஊறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கூட்டத்திலேயே கெட்டி ஆயுசு இன்ஸ்டாக்ஸுக்குத்தான். அமுக்கினால் அட்டையாகப் படத்தைத் துப்புகிற குண்டுக் கேமரா. 1998-ல் வந்தது. 2002-ல் வருஷத்துக்கு 10 லட்சம் விற்றது. செல்ஃபோனில் கேமரா வந்ததும் 1 லட்சம் அளவுக்குச் சரிந்து, கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு கொரிய நாடகங்களில் தலைகாட்டி, இளம்பெண்கள் தேடி வாங்க ஆரம்பித்து, 2018-ம் நிதியாண்டில் 1 கோடியைத் தொட்டது. அதன் மினி ரகத்தில் படத்தின் அளவு 62க்கு 46 மில்லிமீட்டர். ஒரு பாக்கெட்டில் 10 படம். அந்தப் பத்துதான் சூட்சுமம்.

கும்பகோணத்தில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். டிரோன் ஒன்று பந்தலுக்கு மேல் ரீங்காரமிட, இரண்டு வீடியோக்காரர்களும் ஒரு ஃபோட்டோக்காரரும் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. கூட்டமெல்லாம் ஒரு மூலை மேஜையில், அக்கா மகளின் இன்ஸ்டாக்ஸைச் சுற்றி. எடுத்த படத்தை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் மணமக்களுக்கு வாழ்த்து எழுத வேண்டும். பத்தே படம் என்பதால் யார் யாருக்கு என்று பஞ்சாயத்து நடந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஒன்று என்றால் பெண்ணின் தாய்மாமனுக்கும் ஒன்று. மேளக்காரருக்கு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும் என்று பெண்ணின் பாட்டி அடம்பிடித்தார்.

கடைசிப் படம் என் பெரியப்பாவுக்கு. அட்டையைக் காற்றில் விசிறக் கூடாது என்று அக்கா மகள் எத்தனை சொல்லியும் கேட்காமல் விசிறிக்கொண்டே நின்றார். உருவம் மெல்லத் தெளிந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

"இன்னொண்ணு எடும்மா."

"தீர்ந்துபோச்சு தாத்தா. ஒரு படமே 50 ரூபாய்க்கு மேல ஆகுது."

"கண்ணைத் தொறந்திருந்தா?"

"அப்பவும் அதேதான்."

வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நஷ்டக் கணக்கை எப்படி எழுதுவது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தை நோட்டில் அழுத்தி ஒட்டி, பேனாவை வாங்கி, கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "தூங்கவில்லை. பிரார்த்தனை."