முதல் ஓட்டையை யார் போடுவது? வீட்டுத் தயாரிப்பு டிரில்லிங் மெஷின் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

காயலான் கடையில் பொறுக்கிய உதிரிகளைக் கொண்டு டிரில்லிங் மெஷின் செய்ய முனைவோர் அனைவரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அடித்தகட்டில் தூணை நிறுத்த நான்கு ஓட்டை வேண்டும். நான்கும் நேராக இருக்க வேண்டும். நேரான ஓட்டை போட டிரில்லிங் மெஷின் வேண்டும். கோழியா முட்டையா என்ற வழக்கில் இரண்டில் ஒன்றாவது கையில் இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. தத்துவவாதிகள் இதைக் கண்டுகொள்ளாதது ஏனென்று விளங்கவில்லை.

2. ஆய்வுக் களம்

இந்த விசாரணைக்கு ஆந்திராவின் வரதய்யபாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. 2022 ஏப்ரல் 4 அன்று இவ்வூர் ஓர் அங்குலம்கூட நகராமல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. வீட்டு மெஷினில் போட்ட ஓட்டை இதற்கு நேர்மாறு: குறித்த இடத்திலேயே இருப்பதாகச் சொல்லப்படும்; ஆனால் நகர்ந்திருக்கும்.

ஸ்ரீசிட்டி தொழில்நகரம் வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில்தான் விரிந்து கிடக்கிறது. சென்னை மெட்ரோவுக்கான ரயில் பெட்டிகளை அங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையில் செய்தார்கள். அளவு கடுகளவு பிசகினாலும் பொருளை ஒதுக்கிவிடும் உலகம் அது. "கொஞ்சம் ஆட்டம் இருக்கும்ணே, வேலைக்கு ஆகும்" என்பது நாம் ஆராயும் உலகம்.

3. முன்னோர்

பாகிஸ்தானின் மெஹர்கரில் 7,500 ஆண்டுகளுக்கும் முன்பே, உயிருள்ள மனிதர்களின் கடைவாய்ப் பற்களில் கல்முனை கொண்டு துளையிட்டிருக்கிறார்கள் என்று 2006இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். துளைக்குப் பிறகும் அந்தப் பற்கள் மென்று தேய்ந்திருக்கின்றன. வேலைப்பொருளை அசையாமல் பிடித்து வைக்கும் கலையில் அவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் என்பது இதனால் பெறப்படும்.

முறுக்கிய டிரில் பிட்டுக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்றார். மின்சார டிரில்லுக்கு 1889இல் மெல்போர்னில் ஆர்னாட், பிரெய்ன் என்ற இருவர் பெற்றார்கள். 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். மோட்டார் வந்தால் கிரைண்டர் வரும்; கிரைண்டர் வந்தால் ஒருநாள் பழுதாகும்; பழுதானால் அதன் மோட்டார் நம் மெஷினில் ஏறும். இது வரலாற்றுப் பொருள்முதல்வாதம்.

4. உறுப்பியல்

தலை: பழைய கிரைண்டர் மோட்டார். நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று. சாதா இரும்பில் 10 மி.மீ. பிட் ஓடவேண்டிய வேகமோ சுமார் 950, 20 மி.மீ. என்றால் அதிலும் பாதி. ஆகவே படிப்படியான புல்லியும் பெல்ட்டும் வேண்டும். இந்தக் கணக்கை ஏற்காதவர்களுக்குப் பிட்டே நீல நிறமாகி விடையளிக்கும்.

முதுகெலும்பு: மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க், இரண்டு கால்களும் சேர்த்து. உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் கைப்பிடியை விட்டதும் தலை தானாக மேலே எழும். பள்ளத்தில் குலுங்காமலிருக்கப் பிறந்த பொருளை ஆடாமல் நிற்கப் பணிப்பது சற்று அநீதிதான்.

தலையை ஏற்றி இறக்கும் கை: காரின் ஸ்டீயரிங் ராக், அல்லது கத்தரி ஜாக். பாதம்: லாரியின் பிரேக் டிரம். எடை மிகுந்த இது ஒன்றுதான் முழு அமைப்பிலும் யாரும் குறைசொல்லாத உறுப்பு.

பிட்டைக் கவ்வும் சக்: இதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். தேய்ந்த சக்கில் பிட்டின் முனை வட்டமடிக்கும், 10 மி.மீ. பிட் தன் விருப்பப்படி பத்தரை ஓட்டை போடும். மோட்டார் தண்டிலேயே சக்கை மாட்டுவோரும் உண்டு. துளையிடுகையில் பிட் மேல்நோக்கித் தள்ளப்படும் சுமையைத் தாங்கத் தனியே த்ரஸ்ட் பேரிங் வேண்டும் என்பதைக் கிரைண்டர் மோட்டார் தன் ஓலத்தால் தெரிவிக்கும்.

5. மேக்னட் டிரில் என்னும் முரண்

அந்த நான்கு ஓட்டைக்குத் திரும்புவோம். பட்டறை வழக்கப்படி, பெரிய ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவரிடம் மேக்னட் டிரில்லை இரவல் கேட்பார்கள். அடியில் மின்காந்தம், சுவிட்சைப் போட்டதும் இரும்புத் தகட்டை உடும்பாகப் பற்றும். உள்ளே குழிந்த அதன் கட்டர் வளையமாக மட்டும் அறுத்து, நடுவிலுள்ள இரும்பை முழு வில்லையாகத் துப்பும். துளை நேராக, பளபளப்பாக இருக்கும்.

அதற்கும் குணக்கேடுகள் உண்டு. தகடு மெல்லியதென்றால் பிடி தளரும். அலுமினியத்தைச் சட்டைசெய்யாது. முக்கியமாக, கரண்ட் போனால் காந்தமும் போகும்; கனத்த மெஷின் அப்படியே சரியும். அதற்காகவே கூடவரும் பாதுகாப்புச் சங்கிலியை மூலையில் ஆணியில் மாட்டி வைப்பது நம் மரபு.

இங்கேதான் முரண் முற்றுகிறது. மேக்னட் டிரில் என்பதே நடமாடும் டிரில்லிங் மெஷின். அது கையில் இருக்கும்போது நாம் செய்வதென்ன? அதைக்கொண்டு, அதைவிட மட்டமான ஒரு மெஷினைச் செய்கிறோம். இதிலிருந்து கிடைக்கும் விதி: டிரில்லிங் மெஷின் இல்லாதவரால் டிரில்லிங் மெஷின் செய்ய இயலாது; இருப்பவருக்கு அது தேவையில்லை.

6. முடிவு

விதி தெரிந்தும் செய்கிறார்கள், செய்வார்கள். காரணம் எளிது: இரவல் மெஷினை மாலையில் திருப்பித் தர வேண்டும், பிரேக் டிரம்மில் நிற்கும் சொந்த மெஷினை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள், தூக்கவும் முடியாது. சொத்துரிமை துல்லியத்தை வெல்லும் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

செய்யப் போகிறவர்களுக்கு மூன்று பரிந்துரைகள். வேலைப்பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். பிட் கவ்விக்கொண்டால் தகடு கத்தியாகச் சுழலும். கையுறை, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் சுழலும் சக்கை நெருங்கக் கூடாது. மூலையில் தொங்கும் அந்தச் சங்கிலியை எடுத்து மாட்டுங்கள்.