தரைத்தளத்தார் வழங்கும் பாராட்டு மடல்

சென்னை மாநகரை இந்த நிலைக்கு உயர்த்திய திட்டமிடல் மேதைகளுக்கும், ஏரியைக் கூறுபோட்டு மனையாக்கிய வணிகச் செம்மல்களுக்கும், அதற்கு முத்திரை குத்தி அருளிய அதிகாரப் பெருந்தகைகளுக்கும், தண்ணீர் வடிந்த மறுநாள் கைச்சேறு கழுவிய கையோடு தரைத்தளத்தார் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

நீர்வழி அறிந்த நெறியாளர்களே!

தண்ணீர்மீது உங்களுக்குத்தான் எத்தனை கரிசனம்! பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு பக்கம் ஊர்க் குப்பையைக் கொட்டினீர்கள்; மறுபக்கம் சாலைகளும் கண்ணாடிக் கட்டடங்களும் எழ இடம் கொடுத்தீர்கள். தப்பித்த மிச்சத்துக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியும் கிடைத்தது. போக்கிடம் இழந்த தண்ணீர் தெருவில் நின்று தவிக்கக் கூடாதே என்று எங்கள் கூடத்தை அதற்கு ஒதுக்கினீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலையை உயர்த்தியிருந்ததால், வாசற்படி ஏறும் சிரமம்கூட அதற்கு இல்லை. இறங்கித்தான் வந்தது.

பொறுமைக்கு இலக்கணம் வகுத்தவர்களே!

2015 நவம்பர் முழுக்க மழை கொட்டியும் நீங்கள் பதறவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் சேரட்டும் சேரட்டும் என்று காத்திருந்தீர்கள். டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி என்ற கணக்கில் அடையாற்றில் திறந்துவிட்டீர்கள். கோடையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் நாங்கள். சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் எங்கள் படுக்கையருகே தண்ணீர் கொண்டுவந்த வேறு அரசாங்கம் உண்டா? அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. உங்கள் உழைப்பை மேகத்தின் பெயரில் எழுதாமல் உங்கள் பெயரிலேயே வரவு வைத்தது அந்த ஒரு கணக்குதான். நீங்களோ அடக்கத்தின் உருவமாய், "எல்லாம் இயற்கையின் செயல்" என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள்.

இல்லறம் பயிற்றுவித்த ஆசான்களே!

தண்ணீர் வடிந்தால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்திருந்தோம். பாடமே அதற்குப் பிறகுதான் ஆரம்பம் என்று காட்டினீர்கள். சேற்றை ஈரத்தோடு தள்ளிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் மண்வெட்டிதான். நனைந்த பஞ்சு மெத்தை நாலு பேர் பிடித்தாலும் வாசல் தாண்டாது. பிளைவுட் அலமாரி உப்பினால் கதவு திறக்காது, திறந்துவிட்டால் மூடாது. மிதந்து சுற்றிய ஃப்ரிட்ஜ், தண்ணீர் இறங்கியபோது சமையலறை வாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டது. அதைத் தாண்டிப் போய்த்தான் முதல் டீ போட்டோம். சம்ப்பில் மழைநீரும் சாக்கடையும் பேதம் பாராமல் கலந்துகிடக்க, இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மறுபடி இறைத்தோம். இதற்கெல்லாம் கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுத்தீர்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பத்திரமாக இருக்கட்டுமே என்று லேமினேட் செய்து வைத்த பிளஸ் டூ மார்க் ஷீட். ஓரத்து விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, கண்ணாடிக் காகிதத்துக்குள் குளம் கட்டி நின்றது. உரித்தால் தாளும் சேர்ந்து கிழிகிறது. உரிக்காமல் விட்டால் மை கரைகிறது. வர வழியுண்டு, போக வழியில்லை. எங்கள் பகுதி மழைநீர் வடிகாலை அச்சு அசலாக அதில் கண்டு மெய்சிலிர்த்தோம்.

ஓரவஞ்சனை அறியாத உத்தமர்களே!

தென்சென்னைக்கு இத்தனை செய்துவிட்டு வடசென்னையை விட்டுவிடுவீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எண்ணூர்க்காரர்களுக்கு வெறும் சேறு அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று எண்ணெயையும் கலந்து அனுப்பினீர்கள். கொசஸ்தலையாற்றங்கரை வீடுகளின் சுவரிலும், படகிலும், வலையிலும் கருகருவென்று பூசிக்கொண்டது. சேறு என்றால் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். எண்ணெய் தேய்க்கத் தேய்க்க உங்கள் நினைவை வளர்க்கும்.

வள்ளல் பெருமக்களே!

2015-இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், 2023-இல் 6,000 ரூபாய். எட்டு வருடத்தில் ஆயிரம் ரூபாய் ஏற்றியிருக்கிறீர்கள். விலைவாசிக்கே வெட்கம் வந்திருக்கும். நனைந்த மோட்டாருக்குக் காயில் கட்டி, கேஸ் அடுப்பு மாற்றி, பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கியபின், ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய கவலையே எங்களுக்கு வைக்கவில்லை. பழைய இரும்புக்காரர் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு நிற்கிறது. தை பிறந்ததும் அதன்மேல் பெயின்ட் ஏறிவிடும். "இங்க தண்ணியே நிக்காது சார்" என்று புரோக்கர் புதுக் குடித்தனக்காரரை அழைத்துவருவார். வாடகையும் கொஞ்சம் ஏறும், புதுப் பெயின்ட் அடித்த வீடாயிற்றே!

மடல் வாசித்தவர்கள் பொன்னாடை போர்த்துவது மரபு. பட்டெல்லாம் துருப்பிடித்த பீரோவுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நினைவுப் பரிசாக, எங்கள் தெருவிலேயே ஒரு தரைத்தள வீட்டை உங்களுக்காகப் பேசி முடித்திருக்கிறோம். அட்வான்ஸ் வேண்டாம், வாடகையும் நாங்களே கட்டுகிறோம். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஐப்பசி பிறக்கும் முன் பிள்ளை குட்டிகளோடு குடிவர வேண்டும், கார்த்திகை முடியும்வரை மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது.

இங்ஙனம்,
தரைத்தளத்தார்