ஒரே கம்பியில் நாலு வழி

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் போன் இருந்த வீடுகள் ரொம்பக் கம்மி. அதில் எங்கள் வீடும் ஒன்று. எங்கள் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரே எஸ்டிடி எண், 04563. வில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவிடம் பேச அம்மா காத்திருப்பார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி லோடு ஏறிவிட்டதா என்று கேட்க அப்பா காத்திருப்பார். பக்கத்து வீட்டம்மா மட்டும் மகனோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். இருந்தது ஒரே கம்பி. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

2005-இல் பிராட்பேண்ட் வந்தது. அதன் பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் எல்லாம் ஒரே கூட்டத்தில் கலந்துவிட்டது. தறிக்கூடத்து ஆபீஸ் கணக்கு, பிள்ளைகளின் செல்போன், விருந்தாளியின் லேப்டாப், வாசல் கேமரா எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. விருந்தாளியின் லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் அது எங்கள் கணக்குப் புத்தகம் வரை எட்டிப்பார்க்கலாம்.

இன்று கூடத்தில், மாடியில், பின்கட்டுத் தறிக்கூடத்தில் என்று மூன்று மேனேஜ்டு ஸ்விட்ச்கள் ஓடுகின்றன. ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்குவதுதான் வி-லேன்: வீட்டுக்கு 10, ஆபீசுக்கு 20, கேமராக்களுக்கு 30, விருந்தாளிகளுக்கு 40. ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையே ஓடுவது ஒரே கேபிள்தான். அந்த இணைப்புக்கு டிரங்க் என்று பெயர். லாரி ஷெட்டில் ஒவ்வொரு பேலிலும் ஊர் மார்க் போட்டு ஒரே லாரியில் ஏற்றுவார்களே, அதே ஏற்பாடு. 1998-இல் வெளியான 802.1க்யூ என்ற தரம், டிரங்கில் போகும் ஒவ்வொரு தரவுக் கட்டிலும் 4 பைட் அளவுக்கு ஒரு குறி போடுகிறது. அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட். 4,094 வி-லேன்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு நாலு தாராளம்.

தறிக்கூடத்துக்குக் கேமரா போட்ட அன்று அக்கா மகன் வந்திருந்தான்.

“மாமா, மாடியில 30 போட்டாச்சு. தறிக்கூடத்துலயும் போட்டாச்சு. படம் வரலையே?”

“நடுவுல கூடத்து ஸ்விட்ச்ல 30 இருக்காப்பா?”

“அங்கதான் கேமராவே இல்லையே மாமா.”

பல ஸ்விட்ச்களை இணைப்பவர்கள் தடுக்கி விழும் இடமே இதுதான். நடு ஸ்விட்சில் கேமரா இல்லாவிட்டாலும் 30 என்ற வி-லேனை அதிலும் உருவாக்கியாக வேண்டும். இரண்டு பக்க டிரங்க் போர்ட்டிலும் அதை ‘டேக்டு’, அதாவது குறியோடு போவது, என்று வைக்க வேண்டும். இல்லையென்றால் தனக்குத் தெரியாத எண்ணோடு வருவதை அது அங்கேயே தள்ளிவிடும். கேமரா செருகும் போர்ட் வேறு மாதிரி: அங்கே 30 ‘அன்டேக்டு’, பிவிஐடியும் 30. முதலாவது வெளியே போகும்போது குறியை நீக்குகிறது. இரண்டாவது உள்ளே வரும்போது குறி போடுகிறது. சில ஸ்விட்ச்களில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் மாற்ற வேண்டியிருக்கும். கூடத்து ஸ்விட்சில் 30 ஏறியதும் மாடியில் படம் வந்துவிட்டது.

தறிக்கூடத்துக்குச் செம்புக் கேபிள் போடவில்லை, ஃபைபர்தான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஐப்பசி இடி எங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு ஓடினால் மின்னல் அதன் வழியே இரண்டு ஸ்விட்சையும் பதம் பார்க்கும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது.

ஸ்விட்ச்களுக்கு நடுவே சுற்று உருவாகாமல் தடுக்க, ஸ்பானிங் ட்ரீயையும் எல்லா ஸ்விட்சிலும் போட்டுவைத்திருக்கிறோம். கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய முறை அது. அது இல்லாத இடத்தில் யாராவது இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இன்னொரு கேபிளைச் செருகிவிட்டால், ஈதர்நெட் கட்டுகளுக்கு ஆயுள் வரம்பு கிடையாது என்பதால் அவை சுற்றிச் சுற்றியே வரும். எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கும், வீடு முழுக்க நெட் நின்றுபோகும்.

அக்கா வீட்டையும் விபிஎன் என்ற, இணையத்தின் மேலே போடும் தனிப்பாதை வழியாகச் சேர்த்திருக்கிறோம். அதற்குமுன் முகவரிகளைப் பிரித்தோம்: எங்கள் முகவரிகள் 10.10 என்று தொடங்கும், அங்கே 10.20 என்று. இரண்டு வீட்டிலும் 192.168.1 என்றே தொடங்கினால், ரூட்டர் அதைத் தன் வீட்டு முகவரி என்றே எண்ணிக்கொள்ளும். அடுத்த ஊருக்கு எதுவும் போய்ச் சேராது. வி-லேன் எண்களை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாகவே வைத்தோம். வில்லிபுத்தூரிலும் கேமரா என்றால் 30தான்.

ஆடிப்பூரத் தேருக்கு அக்கா வீடு நிறைந்துவிடும். வருகிறவர்கள் எல்லாருக்கும் 40-இல் வைஃபை உண்டு. வி-லேன் பிரித்துத்தான் கொடுக்கும். இணைய வேகத்தைக் கூட்டாது. அதனால் 40-க்கு ரூட்டரில் வேக வரம்பும் வைத்தோம். தேர் நகரும் நேரத்தில் அத்தனை பேரும் வீடியோ அனுப்பினாலும், மச்சான் கடையின் இ-வே பில் தடையில்லாமல் போகிறது.

இப்படி அமைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்விட்ச் வாங்கும் முன்பே வீட்டார் உட்கார்ந்து, எது எதோடு பேசலாம், எது பேசக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். எந்தப் போர்ட்டில் எந்த எண் என்று தாளில் எழுதி, ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் வீட்டில் இன்னொருவர் அதைப் பார்த்துச் சரிசெய்ய முடிய வேண்டும்.