7 கோடி வருஷத்துக் கடலை விக்கிற வித்தை

வாடா தம்பி, உக்காரு. தொல்லுயிரியல் படிச்சுட்டு வந்திருக்க, ஊர்ல ஒருத்தனும் மதிக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி? பொண்ணு பாக்கப் போன எடத்துல, மாப்ள என்ன படிச்சிருக்கார்னு கேட்டா, “பேலியான்டாலஜி”ன்னியாம். அந்தம்மா அதை ஏதோ தீராத வியாதின்னு நெனைச்சு, காபி டம்ளரைக்கூட வாங்கிக்கிட்டுப் போயிருச்சாமே! “அரியலூரு பூரா ஒரு காலத்துல கடலா கெடந்துச்சு அத்தை, அதுக்கு வில்லங்கம் பாக்குற வேலை”ன்னு சொல்லியிருந்தா கேசரி ரெண்டாந்தரம் வந்திருக்கும்.

உன் படிப்பைப் பத்தி ஊருக்குச் சொல்ல நீ போஸ்டர் ஒட்டுனியே, அதுமேல மறுநாளே காதுகுத்து போஸ்டர் ஏறிருச்சு. அந்தக் காதுகுத்துக்கே போடா. கிரகப்பிரவேசம்னா இன்னும் நல்லது. புது வீட்டுக்காரன் சுவத்தைத் தட்டிப் பெருமை பேசுவான்ல, அப்ப மெதுவா எடுத்து விடு: “மாமா, இந்த சிமெண்டு நம்ம கல்லங்குறிச்சிக் கல்லா இருந்தா, உங்க செவுத்துக்குள்ள 7 கோடி வருஷத்துச் சிப்பி இருக்கு.” சொல்லிட்டு மடியில இருந்து ஒண்ணை எடுத்து அவன் கையில வையி. நல்லாக் கனக்கும். ஒரு மூலை கிளி மூக்காட்டம் வளைஞ்சிருக்கும், முதுகுல வரிவரியா அது வளந்த கணக்கு தெரியும். அதுக்கப்புறம் வர்ற விருந்தாளிக்கெல்லாம் பாடம் நடத்துறது அவன் பொறுப்பு. நீ பந்திக்குப் போயிரலாம்.

பெரிய வீட்டு ஐயா கண்டகி நதிச் சாளக்கிராமத்தைப் பட்டுத்துணியில சுத்தி வச்சிருக்காரு, பாத்திருக்கல்ல? “இதுக்குள்ள இருக்குற சுருளோட்டுக் கடல்பிராணி அம்மோனைட்டோட பங்காளி வகையறா நம்ம காரை ஓடையில கெடக்குதுங்க”ன்னு பணிவா சொல்லு. கல்லுன்னு மட்டும் சொல்லிராத, வீட்டுக்குள்ள விட மாட்டாரு.

டீக்கடைக்கு வேற சரக்கு வேணும். கல்லமேட்டுல கெடச்ச எலும்புக்கு 1989-ல ப்ருகத்காயோசாரஸ்னு டைனோசர் பேரு வச்சாங்களே, அதை இறக்கு. பூமியில நடந்ததுலயே பெரிய உருப்படின்னு ஒரு கட்சி. அது எலும்பே இல்ல, கல்லாப் போன மரம்னு இன்னொரு கட்சி. சாத்தனூர்லதான் 18 மீட்டருக்கு ஒரு கல்மரம் படுத்துக் கெடக்கே, அந்தச் சந்தேகமும் நியாயந்தான். தீத்து வைக்கலாம்னா அந்த எலும்பும் நொறுங்கிப் போச்சு. சாட்சியே இல்லாத வழக்குடா! நம்மாளுங்க ரெண்டு தலைமுறைக்குப் பேசுவாங்க.

இன்னொண்ணு. 2020-ல குன்னம் பக்கம் குளத்துல உருண்டை உருண்டையா கெடச்சதும், டைனோசர் முட்டைன்னு சனம் திரண்டுச்சே. முட்டை இல்ல, அம்மோனைட்டைச் சுத்தி இறுகுன மண்ணுன்னு உங்க ஆளுங்க சொன்னதும் கூட்டம் கலைஞ்சிருச்சு. உண்மையைச் சொல்ல வேணாம்னா சொல்றேன்? சொல்லு. கூட்டம் நல்லாச் சேந்தப்புறம் சொல்லு.

வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஆள் சேக்கணுமா? கல்யாண வேன்ல ஏறிக்க. “அங்க பாத்ரூம் இருக்கும்”னு ஒரு வார்த்தை போடு, கெழவிங்களே வண்டியை நிறுத்தச் சொல்லும்.

தேர்தல் வந்தா விட்டுராத. ஓட்டுக் கேட்டு வர்றவர்கிட்ட, “அண்ணே, இங்க கடல் இருந்துச்சு”ன்னு மட்டும் காதுல போடு. அரியலூருக்குத் துறைமுகம் கொண்டாறேன்னு மைக்ல சொல்லிட்டுப் போயிருவாரு. மறுநா பேப்பர்காரன் வெவரம் கேட்டு உன் வீட்டு வாசல்ல நிப்பான். சட்டையை மட்டும் தொவைச்சு வச்சுக்க.