தள்ளு மாடல்

எங்கள் சங்கரன்கோவிலில் குளிர்காலம் என்றால், ஃபேனை ஐந்தாம் நம்பரிலிருந்து மூன்றுக்குக் குறைத்து வைப்போம், அவ்வளவுதான். அந்தக் குளிரிலும் என் பொறுப்பில் இருந்த ஒரு பேட்டரி மண்டையைப் போட்டது.

வண்டி மகனுடையது. ஆடித்தபசு முடிந்த கையோடு துபாய்க்கு வேலைக்குக் கிளம்பியவன், "வாரம் ஒருதரம் ஓட்டுங்கப்பா. முடியலைன்னா பேட்டரி மைனஸ் வயரையாவது கழட்டி வச்சிருங்க" என்று இரண்டு வழி சொன்னான். நான் மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். நல்ல விலையில் ஒரு கவர் வாங்கி வண்டியை மூடினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், பராமரித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிம்மதி.

மைனஸ் வயர் விஷயத்தில் எனக்குக் கொள்கைச் சிக்கலும் இருந்தது. சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்டு, கோமதியம்மாள் தவமிருந்து, இரண்டு பேரும் ஒரே உடம்புதான் என்று வழக்கைத் தீர்த்துவைத்த ஊர் இது. இங்கே பிறந்தவனிடம் பிளஸ், மைனஸ் இரண்டில் ஒன்றை மட்டும் கழட்டு என்றால் எப்படி?

மார்கழிக் கடைசியில், கழுகுமலையில் இருக்கும் மகளுக்குப் பொங்கப்படி கொண்டுபோக வண்டியை வெளியே எடுத்தேன். முதல் காரியமாகக் கரும்பைக் கட்டிவிட்டு, பிறகு செல்ஃபை அமுக்கினேன். 'டிக்' என்றது. மறுபடி அமுக்கினேன். அந்த 'டிக்'கும் போச்சு. ஹாரன் மட்டும் பசித்த பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கொடுத்து அடங்கியது.

உதைத்துக் கிளப்பலாம் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து கிக்கரைத் தேடினேன். வாசலில் நின்ற மனைவி, "ஏங்க, எதைத் தொலைச்சீங்க?" என்றாள். புது வண்டிகள் பலவற்றில் கிக்கரே கிடையாதாம். வாங்கும்போது மைலேஜையும் கலரையும்தானே பார்த்தோம்? அவள் உள்ளே போய்க் கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து டேங்கில் பூசினாள். புற்றுமண் தோல் வியாதிக்குக் கேட்கும் என்பார்கள். வண்டிக்குத் தோலில் ஒன்றுமில்லையே.

அடுத்தது தள்ளுவது. கரும்புக்கட்டோடு ரத வீதியில் தள்ளிக்கொண்டு ஓடினேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "செகண்ட் கியர் போடுங்க அண்ணாச்சி", "கிளச்சைப் பட்டுன்னு விடுங்க" என்று ஆளுக்கொரு யோசனை வந்ததே தவிர, கை கொடுக்க ஒரு ஆள் வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்தார். கரும்பு என்ன விலை என்று கேட்டார்.

மெக்கானிக் தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தான். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி பத்தைக்கூடத் தொடவில்லை. "பெட்ரோல் பம்புக்கே கரண்ட் இல்ல அண்ணாச்சி. கழுகுமலை வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது" என்றான். ரத வீதியில் அத்தனை பேர் பேசினார்கள். இதை ஒருத்தர் சொல்லியிருக்கலாம்.

"பனி ஜாஸ்தி, அதான்" என்றேன். சிரித்தான். லடாக்கில்தான் குளிரில் பேட்டரி படுத்துக்கொள்ளுமாம். நம் பக்கத்தில் எதிரி வெயில். சூடு ஏற ஏற, சும்மா நிற்கிற பேட்டரி தன் சார்ஜைத் தானே தின்று தீர்க்கும். போதாததற்கு மீட்டரில் இருக்கும் கடிகாரம் ராப்பகலாக உறிஞ்சும். சார்ஜ் இறங்கி அப்படியே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. ஆக, அத்தனை மாதமும் கவர் போட்டு நான் காப்பாற்றியது கடிகாரத்தைத்தான்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அள்ளிக் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை 1953-லேயே திறந்துவிட்டார்கள். பேட்டரி ஆராய்ச்சிக்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அறிவு இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. பேட்டரிக் கடை மட்டும் வந்துவிட்டது.

பொங்கப்படி பஸ்ஸில் போனது. கரும்புக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட்.

புதுப் பேட்டரி மாட்டியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் வெளியூர்ப் பிள்ளையின் வண்டி நின்றால், மைனஸை முதலில் கழட்டுங்கள். மைனஸ் இருக்கும்போதே பிளஸில் ஸ்பேனரை வைத்து, அது வண்டியின் இரும்பிலும் பட்டுவிட்டால் பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. ஸ்பேனர் இல்லையென்றால் நம்ம வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுசு; கவரே இன்னும் பிரிக்கவில்லை.